மாமி – றொட்னி – ஓட்டோ

கார்த்திகைக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. ஆயத்தம் செய்தவன் நான்.

எங்கள் வீடு மன்னாரில், கீரி என்ற ஊரில், கடற்கரையிலிருந்து முந்நூறு யார் தூரத்தில். மீனவர் சங்கத்தில் பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். கடிதம் எழுதும் தேவை ஊரில் யாருக்கு வந்தாலும் "பெனடிக்ற் அண்ணையிட்டப் போ" என்பார்கள். வலை அறுந்த நட்டஈட்டுக்கு, பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவதற்கு, கனடாவில் இருந்துகொண்டு கதைக்காமல் விட்ட மகனுக்கு என்று எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வலப்பக்கம் திகதி, இடப்பக்கம் முகவரி, நடுவில் விடயம், அதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

புரட்டாசியில் கிராம அலுவலரான விதானையார் கூட்டம் வைத்து ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம் தந்தார். புயலோ வெள்ளமோ வந்தால் யார் எதை எடுப்பது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டவேண்டும் என்றார். மற்றவர்கள் அதைச் சுருட்டிச் சாரத்தில் செருகிக்கொண்டு போனார்கள். கிராம அனர்த்தக் குழுவுக்கும் என்னையே செயலாளராகப் போட்டிருந்தபடியால் நான் அன்று பின்னேரமே ஒரு பெரிய தாளை விரித்துக் கோடு போட்டேன். மூன்று நிரல். முதலாவதில் பொருள் அல்லது ஆள். இரண்டாவதில் பொறுப்பு. மூன்றாவதில் எப்படி.

எங்கள் வீட்டுக்கும் மைத்துனன் றொட்னியின் வீட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். றொட்னி என் மனைவி ஜெயனியின் தம்பி. இரண்டு வேலி தள்ளிக் குடியிருக்கிறான், ஓட்டோ ஓட்டுகிறான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் ஒருதரம் வாசித்ததை மறக்கமாட்டான்.

நான் எழுதும்போது ஜெயனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கடலுக்கும் ஒரு கொப்பி அனுப்பிவிடுங்கோ. எத்தினை மணிக்கு வாறது எண்டு அதுவும் எழுதி அறிவிக்கட்டும்."

"பகிடி பண்ணாதை. வந்த பிறகு தெரியும்."

அவளுடைய தாய் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் மதலேனா. ஒரு வருடத்துக்கு முன் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபிறகு எங்களோடுதான் இருக்கிறார். நடக்கும் சட்டத்தைப் பிடித்தால் கட்டிலில் இருந்து கதிரைக்கு வருவார், அதற்கப்பால் யாராவது தூக்கவேண்டும்.

"மருமோன், நான் எத்தினையாம் நம்பர்?"

"ஏழு, மாமி."

"காஸ் சிலிண்டருக்கு முன்னமோ பிறகோ?"

"முன்னம்தான்."

"அப்ப பரவாயில்லை. எழுதும்."

ஏழாம் இலக்கத்தில் நான் எழுதியது இதுதான்: மாமி – றொட்னி – ஓட்டோ.

மற்ற எல்லாருக்கும் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் எழுதியிருந்தேன். பென்சன் படிவத்திலும் ஆஸ்பத்திரித் துண்டிலும் மாமியின் பெயரைப் பலதரம் நான் எழுதியிருக்கிறேன், அது வேறு. அவர் கண்ணுக்கு முன்னால், வீட்டுக் கதவில், மாமியாரின் பெயரை மருமகன் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி எழுதி ஒட்டுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. எங்கள் வீட்டில் மாமி என்றால் ஒருவர்தானே என்று நினைத்தேன். றொட்னி வந்து கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து வாசித்துவிட்டு, "ஓம் அத்தான், ஏழாம் நம்பர் என்ர" என்றான். அவனுக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது.

கடல் வந்த அந்த வியாழக்கிழமை ஜெயனி வீட்டில் இல்லை. எங்கள் மகள் முருங்கன் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு நின்றாள், தாய் துணைக்குப் போய் மூன்று நாள். காலை பத்து மணிக்குக் கரண்ட் நின்றது. பதினொன்றரைக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வந்து, இரண்டு மணிக்கு முன்னம் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. நான் றொட்னிக்கு எடுத்தேன்.

"எங்க நிக்கிறாய்?"

"மன்னார் ரவுணுக்க, அத்தான். இந்தா வெளிக்கிடுறன்."

"கனக்கக் கதைக்க நேரமில்லை. பேப்பரில இருக்கிறபடி செய், என்ன?"

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்கள் உங்கட பையைப் பாருங்கோ."

பையைப் பார்த்தேன். அடையாள அட்டைகள், காணி உறுதி, பாஸ் புத்தகங்கள், மருந்துச் சீட்டுகள், எல்லாம் இரட்டைப் பொலித்தீனில். நாலாம் இலக்கம் கைத்தொலைபேசிகள். மாமியின் சின்னப் போனையும் நனையாமல் இருக்கட்டும் என்று எடுத்து, பற்றறி இறங்காதபடி நிற்பாட்டி, பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

சங்கக் கோப்புகளை மற்றத் தோளில் போட்டுக்கொண்டு மாமியிடம் சொன்னேன்: "றொட்னி வருவான், மாமி. கதிரையில ஆயத்தமா இருங்கோ. நான் போய்ப் பதிவு தொடங்கவேணும்."

"நான் எங்க ஓடப்போறன்? நீர் போம். அங்க மேசை உம்மைத் தேடும்."

அப்போது மணி ஒன்று பத்து. முற்றத்தில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு. கடல் இன்னும் கரையில்தான் நின்றது.

பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு எழுதத் தொடங்கினேன். குடும்பத் தலைவர், ஆட்கள் எத்தனை, சிறுபிள்ளைகள், நோயாளிகள். சனம் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தது. நான் ஒவ்வொருவரிடமும் குடும்ப அட்டை இலக்கம் கேட்டேன், இல்லாதவர்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னேன். இரண்டு மணி தாண்டியபிறகு றொட்னி தலையில் சொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு வாசலால் ஓடிவந்தான். எங்களுக்கிடையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். நான் எழும்பி நின்று கத்தினேன்.

"மாமியைக் கொண்டந்திட்டியோ?"

"ஓம் அத்தான்! மாமி உள்ளுக்கு இருக்கிறா!"

நான் திரும்ப இருந்து எங்கள் வீட்டு வரியில் ஒரு சரி போட்டேன்.

மூன்று மணிக்கு ஜெயனி எடுத்தாள். முருங்கன் பக்கம் ரோட்டை வெள்ளம் மூடிவிட்டது, வர வழியில்லை என்று அழுதாள்.

"அம்மா என்ன மாதிரி?"

"றொட்னியோட வந்திட்டா. உள்ளுக்கு இருக்கிறா."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம், ஓம். கண்டனான். நீ பிள்ளையைப் பார்."

நான் காணவில்லை. பெண்களும் வயதானவர்களும் இருந்த வகுப்பறை என் மேசையிலிருந்து நாற்பது அடி. பிறகு ஒருநாள் போய் அளந்து பார்த்தேன். நாற்பதுகூட இல்லை, முப்பத்தேழு.

கடல் எத்தனை மணிக்கு ரோட்டைக் கடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நாலு மணியளவில் கடைசியாக வந்தவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் வந்ததாகச் சொன்னார்கள். அதையும் நான் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குச் சோறும் பருப்பும் வந்தது. அப்போது றொட்னியின் மாமியார் பிரான்சிஸ்கா கோப்பையோடு என் மேசைக்கு வந்தார். கடற்கரை ஒழுங்கையில் தனியே இருக்கிற மனுசி. மதலேனாவும் அவரும் சின்ன வயதிலிருந்து சிநேகிதம்.

"தம்பி, மதலேனா எங்க? சோறு எடுத்து வைச்சிருக்கிறன், ஆறுது."

"உள்ளுக்குத்தானே இருக்கிறா."

"உள்ளுக்கு நான்தானே இருக்கிறன். றொட்னி ஓட்டோவில கொண்டந்து விட்டதில இருந்து நான் எழும்பவே இல்லை."

நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். றொட்னிக்கு மாமி இவர்தான். இவரை அவன் மாமி என்று கூப்பிடுவதை நான் பத்து வருடமாகக் கேட்கிறேன்.

றொட்னி வெளியே சோற்றுக்கிடாரம் தூக்கிக்கொண்டு நின்றான். நான் போய் அவன் கையைப் பிடித்தேன்.

"மாமி வீட்டில, றொட்னி."

"எந்த மாமி?"

"அம்மா. உன்ர அம்மா."

கிடாரத்தை அவன் எப்படிக் கீழே வைத்தான் என்று எனக்குத் தெரியாது. "அம்மா உங்களோடதானே அத்தான் இருக்கிறா! நீங்கள் கூட்டிக்கொண்டு வருவீங்கள்தானே! பேப்பரில மாமி எண்டெல்லோ கிடந்தது!"

"பிறகு கதைப்பம்" என்றேன்.

அவனோடு ஸ்ராண்டில் ஓட்டோ விடுகிற வின்சன்ட் தன் தமையனின் பைபர் போட் ஒன்றை ரோட்டோரத்தில் கட்டியிருந்தான். மூன்று பேரும் அதில் போனோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. சரிந்து கிடந்த வேலிகளுக்கு மேலால் போட் போனது. எங்கள் வாசலுக்குப் போகமுன்னரே றொட்னி "அம்மா" என்று கத்திக்கொண்டு குதித்துவிட்டான்.

அறைக்குள் தண்ணீர் கட்டில் மெத்தைக்கு மேலே ஏறியிருந்தது. மாமி கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் ஏறி இருந்தார். ஒரு சீலையால் தன்னை இடுப்போடு யன்னல் கம்பியில் கட்டியிருந்தார். உதடு நீலம். என்னையும் றொட்னியையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு பல்லுக்குள்ளால் வந்தது.

"ரெண்டு பேரும் வந்திட்டியளோ. ஆர் என்னை மறந்தது எண்டு பிறகு சண்டை பிடியுங்கோ. முதல் அவிழ்த்து விடுங்கோ."

வின்சன்ட் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டான். சீலை முடிச்சு ஈரத்தில் இறுகிப்போய் இருந்தது. றொட்னி பல்லால் கடித்து அவிழ்த்தான். அழுதபடி கடித்தான். மாமி அவன் தலையைத் தடவிக்கொண்டு, "கடிச்சுப் போடாதை, நல்ல சீலை" என்றார்.

மன்னார் ஆஸ்பத்திரியில் மாமியை நெஞ்சுச்சளி காய்ச்சல் என்று வாட்டில் மறித்துவைத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று மூன்றாம் நாள்தான் சொன்னார்கள்.

அந்த மூன்றாம் நாள் நான் வீட்டைக் கழுவினேன். கதவில் ஒட்டியிருந்த தாளின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. ஏழாம் இலக்கம் மேல்பாதியில், நன்றாக வாசிக்கத்தக்கதாக இருந்தது. நான் அதைக் கழற்றினேன். புதிய தாள் எடுத்து, அதே மூன்று நிரல் போட்டு, எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். ஏழாம் இலக்கத்தில் மட்டும் பெயரைப் போட்டேன்: திருமதி மதலேனா – றொட்னி – ஓட்டோ. இனிமேல் பிழை வரக்கூடாது என்றுதான் எழுதினேன். அதுவரைக்கும் நான் செய்தது சரி.

பழைய தாளைப் பத்திரப்படுத்தியிருக்கலாம். சங்கத்தில் ஒரு சிட்டையைக்கூட நான் எறிந்தது கிடையாது. இதைச் சேற்றுக் குப்பையோடு சேர்த்து நாலாகக் கிழித்துப் போட்டேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. யோசித்தேன்.

மறுநாள் ரோட்டு திறந்து ஜெயனி வந்தாள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோசத்தைச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். றொட்னியும் பின்னால் வந்தான். வழியெல்லாம் சண்டை நடந்திருக்கவேண்டும், படலையிலேயே குரல் கேட்டது.

"பெத்த தாயை விட்டிட்டு மாமியாரை ஏத்திக்கொண்டு போயிருக்கிறாய்."

"அக்கா, பேப்பரில மாமி எண்டுதானே—"

"எந்தப் பேப்பர்? வா, காட்டு."

அவள் அவனை இழுத்துக்கொண்டுவந்து கதவைத் திருப்பினாள். நான் விளக்குமாற்றோடு அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்தா. இவ்வளவு பெரிசா எழுதிக் கிடக்கு. வாசி."

றொட்னி கிட்டப் போனான். விரலை ஏழாம் இலக்கத்தில் வைத்தான். ம. த. லே. னா. ஒருதரம் வாசித்தான், திரும்பவும் முதலில் இருந்து வாசித்தான்.

ஜெயனி தாளைத் தொட்டுப் பார்த்தாள். பழையதை அவள் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. "இது புதுசெல்லோ?"

"பழசு நனைஞ்சு போச்சு" என்றேன். "அதைப் பாத்துத்தான் எழுதினனான்."

நான் சொன்னதில் ஏறக்குறைய எல்லாம் உண்மை. அதனால்தான் அவ்வளவு இலகுவாக வாயில் வந்தது.

றொட்னி திரும்பி என்னைப் பார்த்தான். சண்டைபிடிக்கிற பார்வை இல்லை. ஏதோ கேட்கப்போகிறவன் மாதிரிப் பார்த்தான். நான் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"ஓம் அக்கா" என்றான். "பேர்தான் கிடக்கு."

"இனி அம்மாவை நான் பாப்பன். நீ வாட்டுப் பக்கம் வரக்கூடாது. உன்ர மாமியைப் போய்ப் பார்."

இரண்டு கிழமை அப்படியே போனது. பின்னேரம் பின்னேரம் ஜெயனி ஆஸ்பத்திரிக்குப் போனாள், நான் கூடப் போனேன். மாமி ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்தார்.

"றொட்னி ஏன் வரேல்லை?"

"அவனுக்கு ஓட்டோவில ஹயர்" என்றாள் ஜெயனி.

ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் மாமி என்னைக் கேட்டார்: "மருமோன், அவனுக்கு வாசிக்க வராது எண்டு இவள் சொல்லுறாள். அப்பிடியே?"

நான் கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பைச் சோடியாக வைத்தேன். "ஆறுதலாக் கதைப்பம், மாமி. முதல் சுகம் வரட்டும்."

ஊரில் கதை பரவிவிட்டது. ஓட்டோ ஸ்ராண்டில் றொட்னியின் ஓட்டோவுக்கு வின்சன்ட் ஒரு பெயர் வைத்தான்: மாமி சேர்விஸ். ஹயர் கேட்டு யாராவது வந்தால், "தாயெண்டா என்ர ஓட்டோ, மாமியாரெண்டா அந்தா அவன்ர" என்பானாம். நானே ஒருநாள் ரவுணுக்குள் சாமான் வாங்கப் போனபோது காதால் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். றொட்னியும் சிரித்தான். நான் கடைக்குள் போய், வாங்கத் தேவையில்லாத ஒரு கட்டு மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு மற்ற வாசலால் வெளியே வந்தேன்.

மூன்றாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபிறகு றொட்னி நான் இருந்து எழுதும் சங்கக் கந்தோருக்கு வந்தான். ஜெயனி வீட்டில் இருப்பாள் என்று அங்கே வந்திருக்கிறான். கையில் புதுக் கடிதத்தாள் இரண்டு, ஒரு கடித உறை.

"அத்தான், ஒரு கடிதம் எழுதித் தரவேணும்."

"ஆருக்கு?"

"அக்காவுக்கு. மன்னிப்புக் கேட்டு. நான் வாயால கேட்டா அவ கதவைச் சாத்துறா. நீங்கள் எழுதினா வடிவா இருக்கும். அவவும் வாசிப்பா."

நான் பேனை எடுக்கவில்லை. அவன் முன்னால் இருந்த கதிரையில் இருந்துகொண்டு தாளை என் பக்கம் தள்ளினான்.

"என்ன எழுத?"

"நான் பிழையா வாசிச்சிட்டன் எண்டு எழுதுங்கோ. எனக்கு எழுத்து ஓடாது எண்டு அவவுக்குத் தெரியும்தானே. மாமி எண்டு கிடந்த மாதிரித்தான் என்ர கண்ணுக்குள்ள நிக்குது, அத்தான். இப்பவும் அப்பிடித்தான் நிக்குது. ஆனாப் போய்ப் பாத்தா வேற கிடக்கு. என்ர மூளையில ஏதோ பிழை போல. அதையும் எழுதுங்கோ. அம்மா வீட்டை வாறத்துக்கு முதல் ஒருக்கா வாட்டில போய்ப் பாக்க விடச் சொல்லி எழுதுங்கோ."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். பேனையை எடுத்தேன். வலப்பக்கம் திகதி போட்டேன். "அன்புள்ள அக்கா அறிவது" என்று தொடங்கினேன். "கடந்த அனர்த்தத்தின்போது வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்த பட்டியலை நான் கவனமின்றித் தவறாக வாசித்தபடியால்" என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும் போல வடிவாகத்தான் இருந்தது. முக்கால் பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். றொட்னி கண்ணைத் துடைத்தான்.

"நல்லாயிருக்கு, அத்தான். என்ர மனசில இருந்த மாதிரியே இருக்கு."

கீழே தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினான். உறைக்குள் வைத்து என்னிடமே தந்தான். "நீங்களே குடுங்கோ." போகும்போது வழக்கம்போல, "பெரிய உபகாரம்" என்றான்.

நான் வீட்டுக்குப் போனேன். ஜெயனி குசினி வாசலில் இருந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். உறையை நீட்டினேன்.

"என்ன இது?"

"றொட்னி தந்தது."

அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். வாசிக்கத் தொடங்க முகம் இளகியது. பாதியில் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட எழுத்து."

"ஓம். அவன் சொல்லச் சொல்ல எழுதினது."

"பாவம், தன்ர மூளையில பிழை எண்டெல்லாம் எழுதியிருக்கிறான்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. "எங்கட அப்பா இவனை வாசிக்கத் தெரியாத மடையன் எண்டு அடிக்கிறவர். அதுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட்டவன். நானும் போய் அதையே சொல்லிப்போட்டன்."

"ஜெயனி, அவன் சரியாத்தான் வாசிச்சவன்" என்றேன்.

"என்ன?"

"மாமி எண்டுதான் கிடந்தது. நான் அப்பிடித்தான் எழுதினனான். பேரைப் பிறகுதான் போட்டனான், வீடு கழுவின அண்டைக்கு. பழசைக் கிழிச்சிட்டன்."

நான் நிறுத்தமுடியாமல் தொடர்ந்து சொன்னேன். போனில் கேட்டபோது அம்மாவைக் கண்டேன் என்று சொன்னது பொய் என்றேன். மாமியின் போனைப் பைக்குள் கொண்டுபோனதையும் சொன்னேன். அவள் கையில் கடிதம் இருந்தது. ஈரக் கையின் அடையாளம் தாளில் பரவிக்கொண்டு போனது.

"அண்டைக்கு இந்தக் கதவடியில அவன் எழுத்துக் கூட்டி வாசிக்கேக்க நீங்கள் எனக்குப் பின்னால நிண்டீங்கள்."

"ஓம்."

"நான் அவனை நாய் மாதிரிக் கலைச்சுவிட்டன். நீங்கள் சுவர் கழுவினீங்கள்."

"ஓம்."

"இப்ப அவனிட்டையே மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்."

அவள் எழும்பி, மீனை அப்படியே விட்டுவிட்டு, சீலை மாற்றிக்கொண்டு வந்தாள். றொட்னியின் வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். நானும் வரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். அவனுக்கு நான் சொல்லுவன், அம்மாவுக்கும் சொல்லுவன். நீங்கள் நாளைக்கு ஸ்ராண்டுக்குப் போங்கோ. அங்கதானே அவனைப் பகிடி பண்ணுறாங்கள்."

"ஒரு விளக்கக் கடிதம் எழுதி வின்சன்ட்டிட்டக் குடுத்தா—"

"கடிதம் வேண்டாம்" என்றாள். "வாயால சொல்லுங்கோ."

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போனேன். ஸ்ராண்டில் நாலு ஓட்டோ நின்றது. வின்சன்ட் முன்சீற்றில் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். றொட்னி கடைசியில், தன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டும் துடைப்பதை நிறுத்தவில்லை. முதல்நாள் தாயைப் பார்த்திருக்கிறான், எல்லாம் தெரிந்திருக்கிறான் என்று விளங்கியது.

சங்கக் கூட்டத்தில் இருநூறு பேருக்கு முன்னால் நான் அறிக்கை வாசித்திருக்கிறேன். அங்கே கையில் தாள் இருக்கும்.

"வின்சன்ட், மற்ற ஆக்களும் கேளுங்கோ" என்றேன். "றொட்னியில ஒரு பிழையும் இல்லை. பட்டியலில மாமி எண்டு எழுதினது நான். அவனுக்கு அவன்ர மாமிதானே மாமி, அவன் சரியாச் செய்தவன். என்ர மாமியை வீட்டில விட்டிட்டுப் போனது நான். பிறகு பட்டியலை மாத்தி எழுதினதும் நான்தான்."

வின்சன்ட் காலை இறக்கி நிமிர்ந்து இருந்தான். பழக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப மாமி சேர்விஸ் உங்கட கொம்பனியே, அண்ணை?"

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டு றொட்னியைப் பார்த்தான். "எட மச்சான், சொல்லியிருக்கலாமேடா."

"எனக்கே தெரியாததை நான் என்னெண்டு சொல்ல?" என்றான் றொட்னி.

துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"அத்தான், மூண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் நான் கடைப் பேர்ப்பலகையெல்லாம் வாசிச்சுப் பாத்தனான். பஸ்ஸில போட்டிருக்கிற பேரெல்லாம் வாசிச்சனான். எல்லாம் சரியாத்தான் வந்தது. வீட்டை போனா, அந்தக் கதவு மட்டும் ஏன் பிழைச்சது எண்டு யோசிச்சு நித்திரை இல்லை." அவன் குரலை உயர்த்தவில்லை. "என்னை மடையன் எண்டு நானே நம்பிட்டன்."

"றொட்னி—"

"அம்மா எங்கட வீட்டைதான் வாறா. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டை விடுகினம். அக்காவிட்டச் சொல்லிட்டன்."

அப்போது இரண்டு சாக்கு அரிசியோடு ஒரு பெண் வந்து தாராபுரம் போகவேண்டும் என்று கேட்டாள். வின்சன்ட் தன் முறையை விட்டுக்கொடுத்து றொட்னியைக் காட்டினான். றொட்னி சாக்கைத் தூக்கி ஏற்றினான். ஓட்டோவை ஸ்ராட் பண்ணிவிட்டு, என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தான்.

"சொல்லி முடிஞ்சுதோ, அத்தான்?"

"ஓம்."

"அப்ப நான் போயிட்டு வாறன். ஆள் நிக்குது."

அவன் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். வின்சன்ட் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அண்ணை, வெயில்" என்றான். கீரிக்குப் போக ஓட்டோ மூன்று நின்றது. ஒன்றிலும் ஏற எனக்கு மனம் வரவில்லை. நடந்து போனேன்.